நுழைவுத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேடும் முறை: முழுமையான வழிகாட்டி

கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி ஆசிரியரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் "யார் நன்றாகப் பாடம் நடத்துவார்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இன்று பஞ்சமில்லை. காணொளிகளில் இலவசமாகவே கிடைக்கிறார்கள். ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாட்டால் மட்டும் கிடைக்கக்கூடியது வேறொன்று. மாணவர் ஒரு கணக்கைப் போடும்போது எந்த வரியில் தடம் மாறுகிறார் என்பதை அருகிலிருந்து பார்த்து, அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தும் கண்தான் அது. அதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் தாமே பேசிவிட்டுப் போகிறவர் எவ்வளவு பெரிய பாட வல்லுநராக இருந்தாலும், அவருக்குத் தரும் கட்டணத்தைக் காணொளிக்கே கொடுத்திருக்கலாம். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே அமைந்துள்ளன.

படி 1: மதிப்பெண் எங்கே போகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள்

யாரையும் தொலைபேசியில் அழைக்கும் முன், எழுதப்போகும் தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்றை அதே கால அளவில், இடையில் எழாமல், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு மாணவர் எழுதிப் பார்க்க வேண்டும். வினாத்தாளை அதிகாரபூர்வ இடத்திலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. மருத்துவப் படிப்புக்கான நீட், பொறியியலுக்கான ஜேஇஇ மெயின் ஆகியவற்றின் வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் தேசியத் தேர்வு முகமை வெளியிடுகிறது. ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டின் பழைய வினாத்தாள்கள் அதன் தளத்தில் இருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, தேர்வு நடக்கும் அதே புளூபுக் செயலியில் முழு நீள மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. தனியார் நிறுவனங்களின் மாதிரித் தாள்கள் சில வேளைகளில் தேவைக்கு மேல் கடினமாக இருக்கும். மிரண்டுபோகிறவர்தானே வகுப்பில் சேருவார்!

நேரம் முடிந்ததும் பேனாவின் நிறத்தை மாற்றிக்கொண்டு, விடுபட்ட கேள்விகளை நேர வரம்பில்லாமல் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். கணினியில் எழுதும் தேர்வானால், விடுபட்டவற்றைக் குறித்துக்கொண்டு காகிதத்தில் தொடரலாம். இப்போது இரண்டு மதிப்பெண்கள் கிடைக்கும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பாடம் தெரிந்திருக்கிறது, வேகம்தான் இல்லை. இடைவெளி சிறிதாக இருந்தால் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பயனில்லை, அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இரண்டுக்கும் தேவைப்படும் ஆசிரியர்கள் வேறு வேறானவர்கள்.

அதன்பின் தவறான விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் தவறியது என்று பக்கத்தில் ஒரு சொல் எழுத வேண்டும். கருத்தே தெரியவில்லை, தெரிந்தும் கணக்கில் சறுக்கல், கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, நேரம் போதவில்லை, ஊகித்து இழந்தது. பெரும்பாலான தவறுகள் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆசிரியரைச் சந்திக்கும்போது மதிப்பெண் பட்டியலைவிட இதுதான் பயன்படும்.

இந்தக் கட்டத்திலேயே தனிப்பயிற்சி வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம், அப்படி வந்தால் தயங்க வேண்டியதில்லை. தவறுகளில் பெரும்பகுதி கணக்குச் சறுக்கலும் கவனக்குறைவான வாசிப்பும் என்றால், மாணவருக்கு வேண்டியது வாரம் ஒரு முழுத் தேர்வும் அதைத் தாமே திருத்தும் பழக்கமும்தான். எல்லாப் பாடங்களிலும் ஓரிரு அத்தியாயங்கள் மட்டும் பலவீனமாக இருந்தால், ஆண்டு முழுவதற்கும் ஒருவரை அமர்த்துவதைவிட, அந்த அத்தியாயங்களுக்கு மட்டும் சில வகுப்புகள் கேட்டு வாங்குவது சரியாக இருக்கும். ஒரே பாடத்தில் பல அத்தியாயங்கள் தொடர்ந்து விழுகின்றன, மாணவர் தனியாக உட்கார்ந்து மீளவும் முடியவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: தேர்வு எந்த வகையானது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளித் தேர்வுக்குப் பேர்போன ஆசிரியர் நுழைவுத் தேர்வுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம், பாடம் ஒன்றாக இருந்தாலும் கேட்கும் விதம் முற்றிலும் வேறாக இருப்பதே. 2025 நீட் தேர்வில் 180 நிமிடங்களுக்கு 180 கேள்விகள். அவற்றில் 90 உயிரியல், இயற்பியலும் வேதியியலும் தலா 45. அதாவது சராசரியாக ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், விடைத்தாளில் வட்டத்தை நிரப்பும் நேரமும் அதற்குள்தான். நீண்ட வருவித்தல்களைப் பலகை முழுவதும் அழகாக எழுதிக் காட்டும் ஒருவரால் இங்கே பாதி உதவிதான் செய்ய முடியும். கிளாட் சட்டத் தேர்வில் 120 நிமிடங்களில் 120 கேள்விகளை, பத்தி பத்தியாக வாசித்து விடையளிக்க வேண்டியிருப்பதால், சட்டம் படித்தவரைவிட வாசிப்பைப் பழக்கத் தெரிந்தவர் பயனுள்ளவராக இருப்பார். எஸ்ஏடி தேர்வில் ஒவ்வொரு பாடமும் இரண்டு பகுதிகளாக வரும்; முதல் பகுதியில் எப்படி எழுதுகிறோமோ அதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டில் மதிப்பெண் வழங்கும் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளும் பகுதி மதிப்பெண்ணும் உண்டு.

இதிலிருந்தே ஆசிரியரிடம் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது: "விடை உறுதியாகத் தெரியாவிட்டால் குறிக்கலாமா?" சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறைப்பு, நான்கு தெரிவுகள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம்தான், ஒரு தெரிவை நிச்சயமாக நீக்க முடிந்தால் அது ஏறத்தாழ 0.67 ஆகும், இரண்டை நீக்க முடிந்தால் 1.5. கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்கு 0.25 என்பதால் கண்மூடி ஊகிப்பதில் கிடைக்கும் சராசரி லாபம் வெறும் 0.06 அளவுதான், எனவே அங்கே நீக்கும் திறனே எல்லாம். "தெரியாததைத் தொடவே கூடாது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. "எல்லாவற்றையும் அடித்துவிடு" என்பவரும், நேரத்தையும் மாணவரின் பதற்றத்தையும் கணக்கில் எடுக்காதவர். "எத்தனை தெரிவுகளை நீக்க முடிந்தது என்பதைப் பொறுத்தது, உங்கள் மாணவர் எழுதிய தாளைக் காட்டுங்கள், ஊகித்ததில் எவ்வளவு சரியாகியிருக்கிறது என்று பார்ப்போம்" என்று பதில் வந்தால், அவருடைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேடும் இடங்கள்

பள்ளியின் பாட ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அதே தேர்வில் அண்மையில் வெற்றிபெற்றுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், பயிற்சி மையங்களில் வேலை செய்துகொண்டே தனியாகவும் எடுப்பவர்கள், இணையவழித் தளங்கள் என்று வழிகள் பல. பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்கள் தனியாகக் கட்டணம் வாங்கிப் பாடம் எடுப்பதற்குப் பல இடங்களில் விதிமுறைத் தடை இருப்பதால், அவரைச் சங்கடப்படுத்தாமல் முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

அண்மையில் வெற்றிபெற்ற கல்லூரி மாணவரைப் பற்றி ஒரு சொல். தேர்வின் வாடை மாறாமல் இருப்பதும், மாணவருக்கு அண்ணனாகவோ அக்காவாகவோ நெருங்கிப் பேச முடிவதும் அவருடைய பலம். ஆனால் முதலிடங்களில் வந்தவருக்குப் பல படிகள் மனத்திலேயே தாமாக ஓடிவிடுவதால், மற்றவர் ஏன் அங்கே தடுமாறுகிறார் என்பது புரிவதில்லை. மதிப்பெண் குறைவாக எடுத்து, மறுமுறை எழுதி ஏறி வந்தவர்கள் சில வேளைகளில் இன்னும் நல்ல ஆசிரியர்களாக அமைகிறார்கள், ஏனெனில் எந்தப் பள்ளத்தில் எப்படி விழுந்தோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது.

தெரிந்தவர் யாராவது ஒருவரைப் பரிந்துரைத்தால், "நன்றாக எடுப்பாரா?" என்று மட்டும் கேட்டால் "ரொம்ப நன்றாக எடுப்பார்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, உங்கள் பிள்ளை சேரும்போது மாதிரித் தேர்வில் எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தார், மூன்று மாதம் கழித்து எவ்வளவு, வீட்டுப்பாடம் செய்யாமல் போனபோது ஆசிரியர் என்ன செய்தார், வகுப்பை எத்தனை முறை ரத்து செய்தார் என்று கேளுங்கள். விளம்பரங்களில் வரும் முதலிடக்காரர்களின் புகைப்படங்களைப் பார்க்கும்போது, மொத்தம் எத்தனை பேர் அங்கே படித்தார்கள் என்ற எண்ணிக்கை பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

படி 4: முதல் உரையாடல்

மூன்று அல்லது நான்கு பேரோடு பேசினால் போதும். படி 1-இல் தயாரித்த தாளைப் பற்றிச் சொல்லி, "இப்படிப்பட்ட மாணவரிடம் எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். தம் அனுபவ ஆண்டுகளையும் தம்மிடம் படித்தவர்களின் தர வரிசையையும் அடுக்கத் தொடங்குகிறவரும் இருப்பார்; தாளைப் பற்றித் திருப்பிக் கேள்வி கேட்கிறவரும் இருப்பார். இரண்டாமவரையே அடுத்த படிக்கு அழைக்க வேண்டும். தற்போது எத்தனை மாணவர்களுக்குத் தனியாக எடுக்கிறார், இந்த ஆண்டு வினாத்தாள் அமைப்பில் என்ன மாற்றம் வந்திருக்கிறது என்பவற்றையும் கேட்டுவிடலாம்.

இடம் உறுதி, தர வரிசை உறுதி, இத்தனை மதிப்பெண் உறுதி என்று சொல்பவரோடு பேச்சைத் தொடர வேண்டாம். எழுதப்போவது மாணவர், ஆசிரியரால் அந்த உறுதியைத் தர முடியாது. வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும், உள்ளே ஆள் இருக்கிறது என்று சாடையாகச் சொல்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள், அதில் சிக்கினால் தேர்விலிருந்து நீக்கப்படுவதும் வழக்கைச் சந்திப்பதும் மாணவர்தான்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்வது நல்லது. தனிப்பயிற்சியின் ஆற்றலைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரையைச் சுட்டுவதுண்டு. தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைத் தாண்டினார் என்று அதில் அவர் குறிப்பிட்டார். 2011-இல் ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனித ஆசிரியரின் தனிப்பயிற்சியால் கிடைத்த முன்னேற்றம் அதைவிடக் கணிசமாகக் குறைவாக, சுமார் 0.79 திட்ட விலக்கமாக இருந்தது. சராசரியில் இருப்பவர், நூறு பேரில் ஏறக்குறைய 78 பேரை முந்தும் அளவு அது. அதுவும் நல்ல முன்னேற்றமே, ஆனால் மாயாஜாலம் இல்லை.

படி 5: சோதனை வகுப்பை எப்படிப் பார்ப்பது

தேடலின் மையமே இந்தப் படிதான். டெமோ வகுப்பில் ஆசிரியர் தமக்கு நன்றாக வரும் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்து மேடைப் பேச்சுப் போல நடத்திக் காட்டுவது இயல்பு, அதை அனுமதிக்காதீர்கள். மாணவர் தவறவிட்ட மூன்று கேள்விகளைக் கொடுத்து, இவற்றை வைத்து வகுப்பை நடத்துங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். ஒன்று கருத்துப் பிழையாகவும், ஒன்று கணக்குச் சறுக்கலாகவும், ஒன்று நேரமில்லாமல் விட்டதாகவும் இருக்கட்டும். எது எந்த வகை என்பதைச் சொல்ல வேண்டாம்.

பெற்றோர் அறையின் ஓரத்தில் அமர்ந்து பார்க்கலாம், இணைய வகுப்பானால் பக்கத்திலிருந்து கேட்கலாம். பாடம் புரியவேண்டும் என்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது பேனா யார் கையில் இருக்கிறது என்பது. பெரும்பாலான நேரம் மாணவர் எழுத, ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல அடையாளம். அடுத்து, மாணவர் தவறாக ஒரு வரி எழுதும்போது ஆசிரியர் உடனே குறுக்கிட்டு அழிக்கிறாரா, அல்லது "இது எப்படி வந்தது, சொல்லுங்கள்" என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதும் முக்கியம். மௌனத்தைப் பொறுக்க முடியாமல் தாமே விடையைச் சொல்லிவிடும் ஆசிரியரிடம், மாணவர் சிந்திக்காமலேயே காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிடுவார். கடைசியாக, ஒரு கேள்வி முடிந்ததும் "புரிந்ததா?" என்று மட்டும் கேட்டு நகர்கிறாரா, அல்லது அதே கருத்தில் உருமாறிய இன்னொரு கேள்வியைக் கொடுத்துச் சோதிக்கிறாரா?

விளக்கம் சொல்வதுதான் ஆசிரியரின் வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த அளவுகோல் விநோதமாகப் படலாம். கற்றலை ஆராயும் உளவியலாளர் மிஷலீன் சீயும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களை விளக்கம் சொல்லாமல், மாணவரைத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னார்கள். அப்போதும் மாணவர்கள், வழக்கமாக விளக்கம் பெற்றவர்களுக்கு இணையாகவே கற்றார்கள். விளக்கமே கூடாது என்பது இதன் பொருளல்ல. தெரியாத கருத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் விளக்கத்தின் அழகைக் கண்டு ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது பலவீனமான முறை என்பதற்கு இது போதுமான சான்று என்றே நான் கருதுகிறேன்.

வகுப்பு முடிந்த கையோடு மாணவரிடம் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டு முடிவெடுப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னிலை பெற்றார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்து படித்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். இனிமையாக ஓடிய வகுப்பு எல்லாம் புரிந்துவிட்டது என்ற உணர்வைத் தரும். தானாக முயன்று திணறிய வகுப்பு அந்த உணர்வைத் தராமலும் போகலாம். எனவே ஒரு வாரம் கழித்து, அதே மூன்று கேள்விகளின் எண்களை மாற்றி, உதவியில்லாமல் மாணவரைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். மரியாதைக் குறைவு மட்டும் இதற்கு விதிவிலக்கு. தவறு செய்யும் மாணவரை ஏளனம் செய்யும் ஆசிரியர் என்றால், ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை.

படி 6: ஏற்பாடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

கட்டணத்தை மாதந்தோறும், அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வகுப்புகளுக்கு ஒரு முறை கொடுப்பதே பாதுகாப்பானது. ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கேட்டால், தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வகுப்பை ரத்து செய்தால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், ஈடுசெய்யும் வகுப்பு உண்டா, விலகினால் மீதிப் பணம் திரும்புமா, வகுப்பில்லாத நேரத்தில் சந்தேகம் கேட்கலாமா என்பவற்றை ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மாணவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவராக இருந்தால், அடையாளச் சான்றைப் பார்ப்பதும், முன்பு பாடம் எடுத்த குடும்பத்தாரோடு பேசுவதும் சம்பிரதாயமாக முடிந்துவிடக் கூடாது. வகுப்பு வீட்டில் நடந்தால் கதவு திறந்த அறையில், பெரியவர் ஒருவர் வீட்டிலிருக்கும்போது நடக்கட்டும். செய்திப் பரிமாற்றம் பெற்றோரும் இடம்பெற்ற குழுவில் நடக்கட்டும். நேர்மையான ஆசிரியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், இது அவருக்கும் பாதுகாப்பு.

படி 7: முதல் எட்டு வாரங்கள்

வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று முடிவு செய்யும்போது, ஒரு மணி நேர வகுப்புக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் மாணவர் தனியாக உழைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்தி மாலைகள் அனைத்தையும் வகுப்புகளால் நிரப்பிவிட்டால், கேட்டதைச் செய்து பார்க்கும் நேரமே இல்லாமல் போய்விடும். மிகவும் பலவீனமான பாடத்துக்கு வாரம் இரண்டு வகுப்பு என்று தொடங்குவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

மாணவர் ஒரு பிழைக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். தவறிய கேள்வி, தாம் எழுதிய தவறான வழி, அது ஏன் தவறு என்று தம் சொற்களிலேயே ஒரு வரி, மீண்டும் போட்டுப் பார்க்கும் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்பும் இந்தக் குறிப்பேட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளலாம். நல்ல ஆசிரியர் நீங்கள் கேட்பதற்கு முன்பே இப்படி ஒன்றைத் தொடங்கியிருப்பார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முழு மாதிரித் தேர்வு போதும். ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து மகிழவோ கவலைப்படவோ வேண்டாம், ஏனெனில் வினாத்தாளின் கடினமும் அன்றைய தூக்கமும் சேர்ந்தே அந்த எண்ணை முடிவு செய்கின்றன. மூன்று தேர்வுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அதைவிட நம்பகமான குறியீடு குறிப்பேட்டில் இருக்கிறது: பழைய வகைப் பிழைகள் மறைந்து புதிய வகைப் பிழைகள் வந்தால் மாணவர் முன்னேறுகிறார், மதிப்பெண் சற்றே ஏறியிருந்தும் அதே பிழை மீண்டும் மீண்டும் வந்தால், வகுப்பில் எதுவோ நடக்கவில்லை.

எட்டாவது வாரத்தில் மூவரும் அமர்ந்து பேசுங்கள். பிழைகள் மாறவில்லையென்றால், மாணவர் வீட்டுப்பாடத்தைச் செய்தாரா என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். செய்யாததற்கு ஆசிரியரை மாற்றிப் பயனில்லை. செய்தும் மாறவில்லையென்றால், எந்த முறையை மாற்றப்போகிறார் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் இன்னும் நான்கு வாரம் கொடுக்கலாம்.

படி 8: கடைசி வாரங்களும் ஆசிரியரை மாற்றுவதும்

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது வகுப்பின் தன்மை மாற வேண்டும். புதிய அத்தியாயங்களை நிறுத்திவிட்டு, எழுதிய முழுத் தாள்களை அலசுவதே வேலையாக இருக்கட்டும்: எந்தக் கேள்வியை முதலில் எடுத்திருக்க வேண்டும், எதைத் தாண்டிச் சென்றிருக்க வேண்டும், ஓரிடத்தில் ஏன் நான்கு நிமிடம் போனது. மாதிரித் தேர்வை உண்மையான தேர்வு நேரத்திலேயே எழுத வேண்டும்; 2025 நீட் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது, காலையில் மட்டும் பழகியவருக்கு அந்த நேரம் கனமாக இருக்கும். காகிதத்தில் வட்டம் நிரப்பும் தேர்வானால் அதே போன்ற தாளிலும், கணினியில் நடக்கும் தேர்வானால் திரையிலும் பழகுவது அவசியம். வகுப்புகளின் எண்ணிக்கையை இப்போது குறைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஆறு வாரத்துக்குள் ஆசிரியரை மாற்றுவதை முடிந்தவரை தவிர்க்கவும், புதியவர் மாணவரைப் புரிந்துகொள்வதற்குள் நாட்கள் ஓடிவிடும்; பொருந்தாத ஆசிரியராக இருந்தால் நிறுத்திவிட்டு மாணவர் தனியாகத் தொடர்வதே மேல். அதற்கு முன்பாகவே மாற்ற நேர்ந்தால், நிலுவைக் கட்டணத்தைத் தீர்த்து, காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி முறையாக விடைபெறுங்கள். புதியவரிடம் முதல் நாளன்று பிழைக் குறிப்பேட்டையும் கடைசியாக எழுதிய மூன்று தாள்களையும் கொடுத்து, வகுப்பைத் தொடங்கும் முன் அவற்றை வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.